துணைவருக்கும் சிகிச்சை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலியல் தொற்றுகள் பற்றிய பேச்சு நமது பத்திரிகைகளில் பெரும்பாலும் எச்.ஐ.வி.யோடு முடிந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் பல வருடங்களாக மருந்து கொடுத்து வருபவள் என்ற முறையில், அதைவிடச் சத்தமில்லாமல் பரவும் கிளமிடியா என்ற பாலியல் தொற்றைப் பற்றி எழுதுகிறேன்.

அண்மையில் ஓர் இளம் பெண், மற்றவர்கள் போகும்வரை பற்பசை அடுக்கியிருந்த பக்கம் நின்றுவிட்டு, நான்காக மடித்த சிட்டையை நீட்டினார் (ஆளை அடையாளம் காண முடியாதபடிதான் எழுதுகிறேன்). கிருமிகளைக் கொல்லும் டொக்சிசைக்ளின் மாத்திரை, 7 நாட்களுக்கு. ரிப்போர்ட்டில் மறுபடியும் கிளமிடியா என்று வந்ததாகச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் அதே மருந்தை நானே எண்ணிக் கொடுத்திருந்தேன்.

"உங்கட ஹஸ்பண்டுக்கும் மருந்து தந்தவங்களா?"

"அவருக்கு ஒண்டும் இல்லையாம்."

சிட்டை எழுதிய தனியார் கிளினிக்கில் அதை யாரும் கேட்கவே இல்லையாம்.

கணவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை. பெண்களில் பெரும்பாலானோருக்கும் ஆண்களில் பலருக்கும் கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 15 முதல் 49 வயதுடையோரிடையே 129 மில்லியன் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டதும் இந்த நோய்க்குத்தான். ஒருமுறை குணமானவருக்கு அது மீண்டும் தொற்றாது என்றும் இல்லை. ஆகவே இருவரும் ஒரே காலத்தில் மருந்தெடுத்து, அது முடியும்வரை உறவைத் தவிர்க்காவிட்டால், மனைவி விழுங்கிய மாத்திரைகள் வீணாகிவிடலாம். சுமார் 3 மாதங்களின் பின் மறுபடி பரிசோதிக்கவும் வேண்டும். திரும்பத் திரும்பத் தொற்றும்போது கருக்குழாய்கள் தழும்பேறுவதற்கும், குழாயிலேயே கரு தங்குவதற்கும், பிள்ளைப்பேறு இல்லாமற் போவதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. அதற்குப் பிறகு கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பவளும் அவளேதான்.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விவரங்கள் இரகசியமாகப் பேணப்படும். இருவரும் அங்கே போகலாம் என்று மருந்துக் கவரின் பின்புறம் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். மாத்திரைகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கவரை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

சிட்டை எழுதும் வைத்தியர்கள் துணைவரையும் அழைத்துவரச் சொல்ல வேண்டும். தாங்களும் அந்த விலாசத்தைச் சுகாதாரப் பக்கத்தில் அடிக்கடி பிரசுரித்தால் நல்லது. பத்திரிகை வீட்டில் கிடந்தால் ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.