ஆண்டறிக்கை: ஆப்பிள் இருப்பும் சேதத் தடுப்பும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நம் பழ வணிகர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதாலும், இறக்குகூலிப் பேச்சு சுமுகமாக முடிந்துவிட்டதாலும், செயற்குழுவில் ஆண்டு முழுவதும் மிகுதியாகப் பேசப்பட்ட ஆப்பிள் சேதத்தைப் பற்றியே இவ்வறிக்கையில் கூற விரும்புகிறேன்.

ஆனித் தேரோட்டத்தையொட்டி நெல்லைக்கு வந்திறங்கும் காஷ்மீர் ஆப்பிள், முந்தைய புரட்டாசி, ஐப்பசியில் பறிக்கப்பட்டு, ஆக்சிஜன் குறைக்கப்பட்ட குளிர் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்த பழமாகும். கிடங்கை விட்டு வெளியேறியதும் அதன் முதிர்ச்சி மீண்டும் வேகம் பிடிப்பதால், லாரியிலிருந்து இறக்கிய பெட்டிகளை வெயிலில் அடுக்கிவைத்துக் கணக்குப் பார்ப்பது கூடவே கூடாது.

ஆப்பிளுக்கு 0 முதல் 1 டிகிரி செல்சியஸ் குளிரும் 90 முதல் 95 சதவீத ஈரப்பதமும் வேண்டும். வாழையோ 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். இரண்டையும் ஒரே அறையில் வைத்து நடுத்தரமான குளிரில் சமாளிக்கும் வழக்கம் இரண்டுக்குமே ஆகாது. மேலும், பழுக்கும் வாழைத்தாரிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு ஆப்பிளை மாவாக்கிவிடும். ஆகவே தனி அறை இல்லாத உறுப்பினர்கள், இருப்பவரின் அறையில் வாடகைக்கு இடம் பெற்றுக்கொள்ள இவ்வாண்டு செயற்குழு ஏற்பாடு செய்தது. வாழை வணிகமே பெரிதாக உள்ள நம் ஊரில் இதற்கு இசைந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறது.

எல்லாச் சேதமும் நம் கையில் இல்லை. தோலில் சிறு குழிகள் விழுந்து, அதன் அடியில் சதை பழுப்பாகிக் கசந்தால், அது தோட்டத்திலேயே கால்சியம் போதாமல் வந்த கோளாறு. எந்தக் குளிரும் அதை மாற்றாது. இத்தகைய பெட்டிகளைச் சரக்கு இறங்கிய அன்றே படமெடுத்து, அனுப்பியவருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

நீலப் பூஞ்சண அழுகல் அப்படியன்று. பெட்டியைத் தொப்பென்று போடுகையில் தோலில் விழும் கீறலே அதற்கு வாசல். அழுகிய இடம் வெளிறிய பழுப்பில் நீர்கோத்து, கரண்டியால் வழித்தால் நல்ல சதையிலிருந்து தனியே கழன்று வரும். பின்பு அதன்மேல் நீலப்பச்சைப் பொடி பூக்கும். அந்தப் பொடி மரப்பெட்டியிலும் அறைச் சுவரிலும் தங்கி அடுத்த சரக்கையும் கெடுப்பதால், அறை காலியாகும்போதெல்லாம் கழுவிக் காயவிட வேண்டும்.

இந்த அழுகலில் உண்டாகும் பட்டுலின் என்னும் நச்சு, சாதாரணமாகக் காய்ச்சுவதால் முற்றிலும் அழிவதில்லை. ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதென்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. நோயாளிக்கென்று நம்பி வாங்கிச் செல்லும் சாற்றில் நஞ்சு கலக்க நாம் காரணமாகக் கூடாது. எனவே, அழுகிய ஆப்பிளை விலை குறைத்தும் ஜூஸ் கடைகளுக்குத் தருவதில்லை என்ற தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்