தாய்லாந்தில், கோன் கேனில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் வழமைபோல்தான். சின்னக்காவின் மூத்தவன் சாரதிப் பரீட்சையில் மறுபடியும் கோட்டை விட்டான். வேறு புதினம் இல்லை.

நீ கடைசியாக அனுப்பிய படத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உனக்கு வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குளியலறைக் கதவு திறந்திருக்கிறது. சுவரில் இருக்கும் சுடுதண்ணிப் பெட்டிக்கு இரண்டு வயர்தான் போகிறது, எர்த்துக்கான பச்சை வயரைக் காணவில்லை. முதல் வேலையாக இதைப் பார். பெட்டி 3,500 வாட் என்றால் 220 வோல்ட்டில் 16 அம்பியர் இழுக்கும், 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 20 அம்பியர் பிரேக்கரும் போதும். 4,500 வாட் என்றால் 20 அம்பியரைத் தாண்டிவிடும், வயர் 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. எர்த் கம்பி செம்பு பூசியது, 5/8 அங்குலத் தடிப்பு, 2.4 மீற்றர் நீளம். முழுக் கம்பியும் மண்ணுக்குள் இறங்க வேண்டும். வெயில் காலத்தில் அந்த மண் இறுகிக் கிடக்கும். பாதி இறங்கியதும் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். இன்னும் சிலர் பச்சை வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவார்கள். அந்த நீலக் குழாய் பிளாஸ்டிக், அதில் என்ன போகும்? பெட்டிக்குள் கசிவை வெட்டும் சுவிட்ச் இருக்கிறது என்று கடைக்காரன் சொல்வான். இருக்கலாம். ஆனால் எர்த் இல்லாத இடத்தில் கசிவு போவதற்குக் குளிக்கிறவரின் உடம்புதான் வழி. உடம்புக்குள்ளால் போன பிறகுதான் அந்தச் சுவிட்ச் விழும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பார். சின்னப் பிள்ளைகள் குளிக்கிற வீடு என்றால் இன்னும் கவனம். எந்த வீட்டுக்கும்தான் சொல்கிறேன்.

ஸ்கூட்டருக்கு அந்த நாட்டு லைசென்ஸ் எடுத்தாயா? கார் லைசென்ஸ் மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது. லண்டனில் வாங்கிய பயணக் காப்புறுதி, அந்த வகைக்கு லைசென்ஸ் இல்லாதவன் விழுந்தால் ஒரு சதமும் தராது. வண்டியோடு வரும் கட்டாயக் காப்புறுதியில், யார் பிழை என்று தீர்க்கும் முன் வைத்தியச் செலவுக்குக் கிடைப்பது 30,000 பாட் வரைதான். ஒரு கால் முறிவுக்கே காணாது. குடிவரவு அலுவலகத்தில் வதிவிடக் கடிதம், கிளினிக்கில் மருத்துவச் சான்றிதழ், இரண்டையும் கொண்டு நிலப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போ. நிறம் பார்க்கும் சோதனையும் பிரேக் மிதிக்கும் சோதனையும் உனக்குப் பெரிய காரியமல்ல. முதலில் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், பிறகு ஐந்து.

அடுத்தது மீன். ஊராரோடு பாயில் இருந்து ஒரே கூடையில் ஒட்டரிசிச் சோறு கிள்ளிச் சாப்பிடுகிறாய், அவர்களின் லாவோ பேச்சுக் கூட உனக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பாங்கொக்குக்குப் பக்கத்து ரங்சிட்டில் இருந்த காலம் முழுக்க பாங்கொக் பேச்சோடு நின்றவன். ஆனால் கொய் பிளாவைத் தொடாதே. ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சம் புளி விட்டுத் தருவார்கள். புளி மீனின் நிறத்தைத்தான் மாற்றும், அதற்குள் இருக்கும் ஈரல் புழுவைக் கொல்லாது. வருடக் கணக்கில் பித்தக் குழாயில் இருந்து கடைசியில் புற்றுநோயாக்கும் புழு அது. பித்தக் குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகம் அந்த வடகிழக்குப் பகுதியில்தான். கோன் கேன் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. மாத்திரை போட்டால் புழு சாகும், ஆனால் திரும்பச் சாப்பிட்டால் திரும்ப வரும். நன்றாக வேக வைத்த மீனைச் சாப்பிடு. ‘வயிறு சரியில்லை’ என்று சிரித்துச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

படத்தில் உன் இரண்டு மணிக்கட்டிலும் வெள்ளை நூல் இருந்தது. அங்கே எதற்கும் நூல் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். பயணம் போகிறவனுக்கும் கட்டுவார்கள், நோயிலிருந்து எழும்பினவனுக்கும் கட்டுவார்கள், வந்த விருந்தாளிக்கும் கட்டுவார்கள். மூன்று நாளாவது கையில் வைத்திருக்க வேண்டும், கத்தரிக்கோல் வைக்காமல் அவிழ்க்க வேண்டும், கழற்றியதைக் காலில் படும் இடத்தில் போடக் கூடாது. இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம் ஏறும் அளவுக்கு நூல் என்றால் கனபேர் கட்டியிருக்கிறார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொதுவாகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளை தானே போய்ப் பேசுவதில்லை. அவன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முன்னால் இருந்து கேட்க வேண்டும். தகப்பன் இல்லாதவனுக்கு, அல்லது தகப்பன் வெகு தூரத்தில் இருப்பவனுக்கு, ஊர்ப் பெரியவர் யாராவது அந்த இடத்தில் இருப்பார். பன்னிரண்டு மணித்தியாலப் பறப்பு தூரமா என்று உன்னிடம் நான் கேட்கப் போவதில்லை.

சின் சொட் என்று பாங்கொக்கில் சொல்வதை அங்கே கா தோங் என்பார்கள். மாப்பிள்ளை பக்கம் பெண்ணின் தாய் தகப்பனுக்குக் கொடுக்கும் காசும் பொன்னும். சீதனம் வாங்கியே பழகின நம் ஆட்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், பெரிய மாமா கேட்டால் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். அவர் சொல்லட்டும். வீடு பெண்ணுக்குப் போவதும் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதும் நம் ஊர் கோண்டாவிலிலும் அதே வழக்கம்தானே? தொகையைப் பேசி முடித்த பிறகு பேரம் பேசாதே. எல்லார் முன்னாலும் தட்டில் பரப்பி எண்ணும் காசு அது, குறைந்தால் குனிவது பெண்ணின் தாய்தான். கொடுக்க வேண்டியது எதுவும் நிலுவையில் இருந்தால் எனக்கு எழுது. வட்டிக்கு வாங்காதே. உன் நண்பர்களுக்கும் இதைச் சொல்.

கடதாசி விஷயத்துக்கு வருகிறேன். நூல் கட்டி, பிக்குமாருக்குத் தானம் கொடுத்து, ஊரே சாப்பிட்டாலும் சட்டத்தில் அது கலியாணம் இல்லை. அம்ஃபோ என்ற பிரதேச அலுவலகத்தில் பதிந்தால்தான் கலியாணம். படி இப்படி: பாங்கொக்கில் பிரித்தானியத் தூதரகத்தில் நேரம் எடுத்து, மணமாகாதவன் என்ற உறுதிமொழியில் கையெழுத்து வைக்க வேண்டும். தூதரகம் இப்போது பிளோன்சிட் வளவில் இல்லை, சாத்தோன் பக்கம் மாறிவிட்டது. பிறகு அதையும் பாஸ்போட்டையும் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, சேங் வத்தனாவில் வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சிப் பிரிவில் முத்திரை வாங்கு. அதன் பிறகு எந்த அம்ஃபோவிலும் பதியலாம், இரண்டு சாட்சி வேண்டும். சில இடத்தில் மொழிபெயர்ப்பாளரையும் கூட்டி வரச் சொல்வார்கள், முதல்நாளே கேட்டுக்கொள். கையில் தருவது கொ ரொ 3. பதிவேட்டுப் பிரதி கொ ரொ 2. விசாவுக்கு இரண்டும் கேட்பார்கள்.

பிழை வருகிற இடம் பெயர். உன் பாஸ்போட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் பெயர், அதுவும் எத்தனை எழுத்து. ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு மாதிரி எழுதுவார், அடுத்தவர் வேறு மாதிரி. கலியாணச் சான்றிதழில் ஒரு எழுத்தும் வெளிநாட்டவருக்குத் தரும் மஞ்சள் வீட்டுப் பதிவுப் புத்தகத்தில் இன்னொரு எழுத்தும் இருந்தால், அம்ஃபோ அதிகாரி இரண்டு ஆள் என்பார். முதல் தரம் எழுதிய தாய்லாந்து எழுத்தை படம் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஒவ்வொரு கடதாசியிலும் அதையே எழுதச் சொல். திகதி அவர்களின் பௌத்த ஆண்டில் இருக்கும். 2568 என்றால் 543 கழித்து 2025. அதையும் சரி பார்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைப்பாய். வெள்ளைக்காரர் நாலுபேர் சேர்ந்தால் ‘பெண் வீட்டார் ஏமாற்றிவிடுவார்கள்’ என்ற கதைதான் பேசுவார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. பதியாமல் விட்டால் நாளைக்கு உனக்கு ஒன்று நடந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு உரித்தும் இல்லை. யாராவது ஒரு பெண்ணுக்கு.

பிள்ளை இருந்தால் இன்னும் சிக்கல். பிறந்து 15 நாளுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும்; ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்கள் தரும் கடதாசியைக் கொண்டுபோக வேண்டும். தாய் அந்த நாட்டவள் என்பதால் பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை தானாக வரும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரையும் எழுதுவார்கள், அதைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. தாயும் தகப்பனும் பதிந்து கலியாணம் செய்யாவிட்டால் அந்த நாட்டுச் சட்டத்தில் பிள்ளை தாய்க்கு மட்டும்தான் பிள்ளை. சிவில் சட்டத்தின் 1547ஆம் பிரிவில் மூன்று வழி இருக்கிறது: பெற்றோர் பிறகு பதிந்து மணப்பது, தகப்பன் தன் பிள்ளை என்று பதிவது, நீதிமன்றத் தீர்ப்பு. இரண்டாவதற்குத் தாயின் சம்மதம் மட்டும் போதாது, பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். பேசத் தெரியாத பிள்ளை எப்படிச் சம்மதிக்கும்? நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே முதல் வழிதான் லேசு, பிறந்த பிறகு செய்தாலும் செல்லும். பிரித்தானியப் பக்கம் அப்படி இல்லை. லண்டனில் பிறந்து உன்னைப் போலக் குடியுரிமை பெற்றவனின் பிள்ளை 2006 ஜூலைக்குப் பிறகு பிறந்தது என்றால், பெற்றோர் மணக்காவிட்டாலும் தகப்பன் என்பதற்கு ஆதாரம் இருந்தால் போதும். படத்தின் மூலையில் இருந்த அந்தக் குடை போன்ற வலை, சோறு மூடுவது என்று அம்மா சொல்கிறா. சோறு மூடும் வலை அவ்வளவு பெரிதாக இருப்பதை நான் கண்டதில்லை.

காணியைப் பற்றிச் சுருக்கமாக. உன் பெயரில் காணி வராது, அதற்குக் குறுக்கு வழி சொல்கிறவனை நம்பாதே. வீடு கட்டப் போனால் முதலில் பத்திரத்தைப் பார்: சிவப்புக் கருடன் முத்திரை இருந்தால் முழு உறுதி. சொ பொ கொ என்றால் விவசாயிகளுக்கு அரசு கொடுத்த காணி, விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகலாம். மற்றவர் காணியை அனுபவிக்கும் உரிமையை காணி அலுவலகத்தில் பதியலாம், ஆனால் புருஷன் பெண்சாதி தங்களுக்குள் செய்யும் ஒப்பந்தத்தை கலியாணம் இருக்கும்வரை எப்போதும் ரத்துச் செய்யலாம், 1469ஆம் பிரிவு. காணி மாமியார் பெயரில் இருந்தால் அந்தப் பிரிவு தொடாது. இதை எல்லாம் முதல் வருடமே மாமியாரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, அசிங்கம். போட்ட காசைக் குடியிருந்த வாடகை என்று நினை.

கலியாணத்தை வைத்து விசா நீடிக்க 400,000 பாட் அங்குள்ள வங்கியில் இரண்டு மாதம் கிடக்க வேண்டும், அல்லது மாதம் 40,000 வருமானம் காட்ட வேண்டும். வீட்டுக்குள் இருவரும் இருக்கும் படம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் எல்லாம் கேட்பார்கள், சிலவேளை வந்தும் பார்ப்பார்கள். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுக்குக் கொடுக்கும் விலாச அறிவிப்பை 15 நாள் முன்னிருந்து 7 நாள் பின் வரை கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட். நாட்டை விட்டு வெளிக்கிட முன் மீள்நுழைவு அனுமதி எடு, ஒரு தரத்துக்கு 1,000 பாட். எடுக்காமல் வந்தால் விமானம் ஏறியதோடு விசா செத்துப் போகும். இதைச் சொல்வது நீ வருவாய் என்று நினைத்துத்தான்.

மாமியார் போன்ற வயதுக்காரர் இருக்கும் இடத்தைக் கடக்கும்போது குனிந்து போ. காலை நீட்டாதே. அவர்கள் சொல்வது பிழை என்றாலும் நாலுபேர் முன்னால் திருத்தாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, என்னிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்லுவா. பிள்ளை பெற்றவளை அங்கே நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுதண்ணீரும் பத்தியச் சாப்பாடும் கொடுப்பார்கள். தடுக்காதே. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதே. அப்படி யாராவது இருந்தால்.

அம்மா மிளகு, மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து சரக்குத் தூள் இடித்து இரண்டு போத்தலில் அடைத்து வைத்திருக்கிறா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. அனுப்ப விலாசம் வேண்டும். வீட்டு எண், மூ என்ற கிராம எண், தம்பொன் என்ற ஊர்ப் பிரிவு, அம்ஃபோ, ஐந்து இலக்க அஞ்சல் எண், எல்லாவற்றையும் தாய்லாந்து எழுத்தில் எழுதி அனுப்பு. வாங்குகிறவரின் பெயரும் போன் நம்பரும் வேண்டும், பொதி கொண்டுவருகிறவன் போன் எடுத்துத்தான் வருவான். உன் பெயரைப் போடாதே, நீ பகலில் பள்ளிக்கூடத்தில் நிற்பாய். வீட்டில் நிற்கிறவரின் பெயரைப் போடு.

நாங்கள் வருவதென்றால் எந்த மாதம் வசதி என்று அந்த வீட்டாரிடம் கேட்டு எழுது. உன்னைக் கேட்கவில்லை, அவர்களைக் கேட்கிறேன். மார்ச்சு வரை கரும்புத் தோட்டம் எரிக்கிற புகை, அம்மாவின் மூச்சுக்கு ஒத்துவராது. சொங்க்ரான் புத்தாண்டு நாட்களில் றோட்டில் இறங்கேலாது. நாற்று நடுகிற காலத்தில் அவர்களுக்கு வேலை. அறுவடை முடிந்து டிசம்பர் தொடக்கம் என்றால் எனக்குச் சரி.

அன்புடன்,
அப்பா