அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது?

லே நகரிலுள்ள தேசிய சோவா ரிக்பா (திபெத்திய மருத்துவம்) நிறுவனத்தாருக்கு,

ஜூலே. நான் தமிழ்நாட்டுச் செவிலியர். லடாக்கில் இரண்டு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தேன்.

ஒரு குளிர்காலத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கம்பளி அங்கிக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் கொட்டினார். கரும்பழுப்பு உருண்டைகள். ஊர் அம்சி, அதாவது சோவா ரிக்பா வைத்தியர், கொடுத்தாராம், நுணுக்கி வெந்நீரில் குடிக்கச் சொன்னாராம். பொட்டலத்தில் மருந்தின் பெயர்கூட இல்லை. நிறுத்தச் சொல்வதா, தொடரச் சொல்வதா? மருத்துவரும் நானும் அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அம்சிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. குழந்தையைக் கீழே தள்ளுவது 'துர்செல்' என்ற காற்று என்று ஒரு மூத்த அம்சி விளக்கினார். அட, நம் ஊரில் சொல்லும் அபானவாயு! 17ஆம் நூற்றாண்டில் திபெத்தின் லாசாவில், அங்கே ஆட்சியை நடத்திய தேசி சாங்யே கியாட்சோ முன்னின்று வரைவித்த மருத்துவ ஓவியங்களில், கரு மீனாக, ஆமையாக, பன்றியாக மாறி வளர்வதைக் காட்டும் படமே இருக்கிறது.

சோதனைக்கும் இந்த மருத்துவம் அஞ்சியதில்லை. பிரசவத்துக்குக் கொடுக்கும் ஷிஜே-11 என்ற மருந்தை லாசா மருத்துவமனைகளில் ஏறக்குறைய ஆயிரம் பெண்களிடம், பிரசவ இரத்தப்போக்கைக் குறைக்கும் நவீன மருந்தான மிசோப்ரோஸ்டால் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. 500 மில்லிக்கு மேல் இரத்தம் போனவர்கள் மிசோப்ரோஸ்டால் எடுத்தவர்களில் சுமார் 12 சதவீதம், ஷிஜே எடுத்தவர்களில் சுமார் 17. ஆயிரம் மில்லியைத் தாண்டிய கடும் இரத்தப்போக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரத்தப்போக்கைத் தடுக்க எதை முதலில் எடுப்பது என்று இதைப் படித்தால் எனக்குப் புரிகிறது. மற்ற மருந்துகளுக்கும் இப்படி ஒரு பதில் வேண்டும்.

2010-ல் சோவா ரிக்பாவுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2019-ல் உங்கள் நிறுவனத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சரி, இனி பெண்களின் மருந்துகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு எது ஆகும், எது ஆகாது என்று பட்டியல் போடுங்கள். ரின்சென் என்ற சோவா ரிக்பா மாத்திரைகளில் சிலவற்றில் சுத்தி செய்த பாதரசம் சேர்கிறது. வயிற்றில் பிள்ளை இருப்பவரிடம் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒவ்வொரு பொட்டலத்தோடும் மருந்தின் பெயரும் சேர்மானமும் எழுதிய சீட்டு ஒன்று போகட்டும், லடாக்கியிலும் இந்தியிலும். அப்புறம், இரத்தப்போக்கோ வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப ஒவ்வொரு அம்சிக்கும் பயிற்சி கொடுங்கள். பனியில் பாதை அடைபடும் ஊர்களில் முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. வீட்டுக்குக் கிளம்பும்போது பொட்டலத்தை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்புடன்,
ஒரு செவிலியர்