அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மன்ற உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இவ்வாண்டு நம்மை விட்டு மறைந்த உறுப்பினர்களுக்கும், நம்மில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் சற்று முன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மே மாதக் கூட்டம் மட்டும் போதிய உறுப்பினர்கள் வராமல் ஒத்திவைக்கப்பட்டது. முகூர்த்த நாளில் கூட்டம் வைத்தால் அப்படித்தான் ஆகும், யாரையும் குறை சொல்வதற்கில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். கட்டடம், மேசை, மின்விசிறி என்று கொடுத்து வந்த மன்றம், இவ்வாண்டு மாணவர்களின் பண்பையும் சிந்திக்கும் பழக்கத்தையும் வளர்க்கும் பணியில் இறங்க வேண்டும் என்பதே அது. கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம்தான். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று முடிவுசெய்ய ஜூலை வரை பிடித்தது.

முதலில் வந்த யோசனை, மாதம் ஒரு பேச்சாளரை அழைத்து நன்னெறிச் சொற்பொழிவு நடத்துவது. பொன்னாடை, மேடை, ஒலிபெருக்கி வாடகை வரை பட்டியல்கூடத் தயாரானது. செயற்குழுவில் அதை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். நம் பிள்ளைகளுக்கு அறிவுரையில் பஞ்சமில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் குறள், உறுதிமொழி, இன்றைய சிந்தனை என்று எல்லாம் இருக்கிறது. 2017 அரசாணைப்படி 6 முதல் 12 வரை வகுப்புக்கு 15 அதிகாரம் வீதம் 105 அதிகாரங்கள் பாடத்தில் வந்துவிட்டன. 1330 குறளையும் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பணப்பரிசும் தருகிறது. இதற்கு மேல் நாமும் ஒருவரை அழைத்து வந்து ஒன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தால், பிள்ளைகளுக்குப் பொறுமை வேண்டுமானால் வளரலாம்.

ஜூலைக் கூட்டத்தில், கல்வியியல் கல்லூரியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் சொன்ன செய்தி விவாதத்தைத் திசை திருப்பியது. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இரு ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பார்த்து எழுதவும், பொய் சொல்லவும், காசை எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புள்ள சூழல்களை அவர்களுக்குத் தெரியாமல் அமைத்துப் பார்த்தார்கள். நேர்மையானவர், நேர்மையற்றவர் என்று இரண்டு கூட்டமாகப் பிள்ளைகள் பிரியவில்லை. தேர்வில் பார்த்து எழுதிய பையன் காசைத் தொடவில்லை. காசில் கை வைத்தவன் விளையாட்டில் ஏமாற்றவில்லை. எது சரி என்று வாயால் சொல்லத் தெரிந்திருப்பதற்கும் செயலுக்கும் உறவு மிகக் குறைவாகவே இருந்தது. சூழல், மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு, பக்கத்துப் பெஞ்சில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பவையே பெரும்பாலும் தீர்மானித்தன. அந்த ஆய்வின் முடிவுகளை அப்படியே ஏற்க முடியாது என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு என்பதையும் அவரே சொன்னார். ஆனாலும் சொற்பொழிவுப் பட்டியல் அன்றோடு மூடப்பட்டது. பேசுவதற்குப் பதில், பிள்ளைகள் தினமும் கையால் செய்கிற மாதிரி சில ஏற்பாடுகளைச் செய்துகொடுப்போம் என்று முடிவாயிற்று.

முதல் ஏற்பாடு, ஆளில்லாக் கடை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மன்றத்துக்குள் அதிகச் சண்டை நடந்தது இதற்காகத்தான்.

நூலக அறை வாசலில் ஒரு மேசை. பேனா, பென்சில், அழிப்பான், கிராஃப் தாள், விடைத்தாள். விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும். பூட்டில்லாத தகரப் பெட்டியில் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இது நம் கண்டுபிடிப்பு அல்ல, கேரளத்திலும் நம் மாநிலத்திலும் பல பள்ளிகளில் நேர்மை அங்காடி என்ற பெயரில் நடந்து வருவதுதான். நாம் அந்தப் பெயரை வைக்கவில்லை. பெயரே மிரட்டுகிறது என்று தமிழாசிரியை சொன்னார், சரி என்று பட்டது.

முதல் மாதம் கணக்கு இடித்தது. உடனே மூன்று யோசனைகள் வந்தன: கேமரா வைப்பது, ஆசிரியர் ஒருவரை உட்கார வைப்பது, கடையையே மூடிவிடுவது. கேமரா வாங்கித் தர ஓர் உறுப்பினர் தயாராகவும் இருந்தார். நல்ல மனசுதான், ஆனால் கேமரா இருக்கும் இடத்தில் எடுக்காமல் இருப்பதற்குப் பண்பு எதற்கு? செயற்குழு வாக்கெடுப்பில் கேமரா தோற்றது. பதிலாக, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முறை வைத்து மாலையில் இருப்பு எடுத்து, விற்பனை, பெட்டியில் இருந்த தொகை, வித்தியாசம் மூன்றையும் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார்கள். யார் எடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

பலகையில் எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. சில நாள் பணம் குறைந்தது, சில நாள் அதிகமாகவும் இருந்தது. திருட்டு மட்டும் என்றால் எப்படி அதிகமாகும்? கணக்கெடுத்த பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள்: சில்லறை. பேனா ஏழு ரூபாய். பத்து ரூபாய் நாணயம் போட்டவனுக்கு மூன்று ரூபாய் எடுக்க வழியில்லை. அடுத்த நாள் அவன் மூன்று ரூபாய்க்குக் கணக்காக எதையாவது எடுப்பான், அல்லது எடுக்க மறந்துவிடுவான். வேறொருவன் ஐந்து ரூபாய் மட்டும் வைத்திருப்பான், மீதியை நாளை போடலாம் என்று நினைப்பான், நாளை வராது. அஞ்சலகக் கவுண்டரில் சில்லறைச் சண்டையோடு காலம் தள்ளிய எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா என்று பொருளாளர் கேட்டார், கேட்கட்டும். விலைகள் ஐந்து, பத்து என்று மாற்றப்பட்டன. கிராஃப் தாள் கட்டாக வைக்கப்பட்டது. ஒரு கடன் நோட்டும் வைத்தோம், எழுதுவதும் அடிப்பதும் அவரவர் கையால்தான். வித்தியாசம் பெரிதும் குறைந்தது.

முற்றிலும் நின்றுவிடவில்லை. அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஒரு பேனா டப்பா முழுதாகக் காணாமல் போயிற்று. பைகளைச் சோதிக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது தலைமையாசிரியர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அன்றைய பலகையில் வித்தியாசம் அப்படியே எழுதப்பட்டது. கடையை ஒரு வாரம் மூடலாமா என்று ஒன்பதாம் வகுப்பில் அவர்களுக்குள்ளேயே கடும் வாக்குவாதம். மூடினால் எடுக்காதவனுக்குத்தானே தண்டனை என்று ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகு, திறந்தே வைப்பது, சரக்கை மட்டும் குறைத்து வைப்பது என்று முடிவு செய்தார்கள். டப்பா திரும்பி வரவில்லை. அந்த நஷ்டம் கணக்கில் மன்றச் செலவாகவே காட்டப்பட்டிருக்கிறது. அந்த வாக்குவாதத்தை நேரில் கேட்டவன் என்ற முறையில், அந்தச் செலவை நியாயமான செலவாகவே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, கேள்விப் பெட்டி. பதில் சொல்வதற்குப் பரிசு தரும் வழக்கம் ஊரெங்கும் உண்டு, கேள்வி கேட்பவனைத்தான் உட்காரச் சொல்லிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை வணக்கக் கூட்டத்தில் பெட்டியிலிருந்து ஒரு கேள்வி வாசிக்கப்படும். பதில் அடுத்த வெள்ளிதான். இடையில் நூலகத்தில் தேடலாம், வீட்டில் கேட்கலாம், பார்த்துச் சோதிக்கலாம். ஆசிரியர்கள் உடனே பதில் சொல்லிவிடாமல் பொறுத்திருப்பதுதான் கடினமாக இருந்தது என்று அறிவியல் ஆசிரியரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

கடல் உப்பு, மழை ஏன் உப்பில்லை என்று ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. இரண்டு மாணவர்கள் உப்புநீரைக் கொதிக்க வைத்து, மூடியில் படிந்த நீரை நக்கிப் பார்த்துப் பதில் சொன்னார்கள். 2100 லீப் ஆண்டா என்ற கேள்விக்கு நான்கால் வகுபடுகிறது, ஆம் என்று பத்தாம் வகுப்பே ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டது. நூற்றாண்டாக இருந்தால் 400ஆல் வகுபட வேண்டும், அதனால் 2000 லீப், 2100 இல்லை என்று எட்டாம் வகுப்பிலிருந்து திருத்தம் வந்தது. பெரிய வகுப்பு எழுந்து நின்று ஒப்புக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள். குயில் பற்றிய கேள்வியும் வந்தது. கூவுவது கறுப்பான ஆண் குயில், பெண் குயில் புள்ளி போட்ட உடம்போடு அமைதியாக வந்து காக்கைக் கூட்டில் முட்டையிட்டுப் போகும் என்று பிள்ளைகள் விளக்கினார்கள். ஆண்டு விழா மேடையில் பாடிய பெண்மணிகளைக் குயில் குயில் என்று புகழ்ந்த நம் உறுப்பினர்கள் கவனத்தில் கொள்ளவும்.

2023இல் அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களை, நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைப்படி, பெரிய வகுப்பு மாணவர்கள் ஆறாம் வகுப்போடு உட்கார்ந்து வாசித்தார்கள். கணக்குப் பாடத்தில் தேர்வுத்தாள் திரும்பி வந்ததும், தெரியாமல் விட்டதா, அவசரத்தில் விட்டதா, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டதா என்று ஒவ்வொரு தவறுக்கும் எதிரே எழுதும் பழக்கம் காலாண்டுக்குப் பின் தொடங்கியது. சில வகுப்புகளில் நடந்தது, சில வகுப்புகளில் நோட்டு மட்டும் வாங்கியதோடு நின்றது.

மூன்றாவது, பணிமுறை. வகுப்பறையும் மைதானமும் சுத்தம் செய்வதில் எல்லாருக்கும் முறை, ஆசிரியர்களுக்கும் சேர்த்து. இதைத் தொடங்கும் முன் செயற்குழு இரண்டு விதிகளை எழுத்தில் வைத்தது. கழிப்பறைப் பணிக்கு எக்காரணம் கொண்டும் எந்த மாணவரும் அனுப்பப்படக் கூடாது, அதற்குச் சம்பளம் பெறும் பணியாளர் உண்டு. யார் எந்த நாள் என்பது சீட்டுக் குலுக்கியே முடிவாக வேண்டும். நாம் படித்த காலத்தில் துடைப்பத்தை எந்தத் தெருப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள் என்பது இந்த அவையில் பலருக்கு நினைவிருக்கும். அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தந்தை வந்து, கூட்டிப் பெருக்கவா என் மகனைப் பள்ளிக்கு அனுப்பினேன் என்று சத்தம் போட்டார். வியாழக்கிழமை என் முறை சார், வந்து பாருங்கள் என்றார் தலைமையாசிரியர். வந்தாரா என்று கேட்காதீர்கள், மகன் தன் முறையை விடவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சாதி வெறியில் சக மாணவர்களால் வெட்டப்பட்டது எல்லாருக்கும் தெரியும். அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் பள்ளியில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்ப்பதற்கு முன் நம் அழைப்பிதழைப் பார்ப்போம் என்று நான் செயற்குழுவில் சொன்னேன். நன்கொடையாளர் பலகையிலும் பேனரிலும் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தோடு அச்சிட்டு வந்தவர்கள் நாம்தான். இனி மன்றத்தின் எந்த அச்சிலும் சாதிப் பின்னொட்டு இருக்காது என்ற தீர்மானம் நிறைவேறியது. இரண்டு நன்கொடைகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பக் கொடுத்துவிட்டோம். மைதானத்தில் தெருவாரியாக அணி பிரிக்கும் வழக்கத்துக்கு, 2024 நவம்பரில் அரசு தொடங்கிய மகிழ் முற்றம் என்னும் மாணவர் குழு அமைப்பு நல்ல மாற்றாக வந்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று கலந்து பிரிக்கப்பட்ட குழுக்களாகவே இவ்வாண்டு விளையாட்டு விழா நடந்தது.

பரிசு பற்றி. நற்பண்பு மாணவர் என்று ஆண்டுதோறும் ஒருவருக்குப் பதக்கம் தர வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. ஆசிரியர் தேர்ந்தெடுத்தால் அது அடக்கமான பிள்ளைக்குப் போகும், மாணவர் தேர்ந்தெடுத்தால் நண்பர் அதிகமுள்ளவனுக்குப் போகும். தானாக விரும்பிப் படம் வரைந்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்பே சொல்லி, அப்படியே பரிசும் கொடுத்தபோது, பிறகு அவர்களின் ஆர்வம் குறைந்தது என்று 1973இல் லெப்பரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வையும் கல்வியியல் கல்லூரியில் பணியாற்றிய அதே உறுப்பினர் எடுத்துக்காட்டினார். கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டுள்ளது, இன்றைய கூட்டத்தில் விவாதிக்கலாம். 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பரிசுகள் வழக்கம்போல் தொடரும்.

நடக்காதவை: பெற்றோருக்கான கைப்பேசி பற்றிய கலந்துரையாடலுக்கு ஆள் சேரவில்லை. மேல்நிலை வகுப்புகளில் ஜனவரிக்குப் பிறகு பொதுத்தேர்வைத் தவிர வேறு பேச்சே இல்லை, கேள்விப் பெட்டியும் மார்ச் வரை காலியாகக் கிடந்தது. இவ்வாண்டின் ஏற்பாடுகளால் தேர்ச்சி விகிதம் எவ்வளவு கூடியது என்று சில உறுப்பினர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். ஒரே ஆண்டில் அதற்கு விடை சொல்ல என்னால் இயலாது.

வரும் ஆண்டில் கடைக் கணக்கை எட்டாம் வகுப்புக்கு மாற்றவும், கணக்கு பார்த்துப் பழகிய பிள்ளைகளே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். சரக்கு வாங்க ஒரு சிறு சுழல்நிதி தேவை, அதற்கான தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் உள்ளது.

சீட்டுக் குலுக்கலில் தங்கள் பெயரையும் போட்ட ஆசிரியர்களுக்கும், தன் அறை வாசலைச் சந்தையாக்க இடம் தந்த நூலகப் பொறுப்பாளருக்கும், கேமரா தோற்ற பிறகும் அதே தொகைக்கு நூல்கள் வாங்கிக் கொடுத்த உறுப்பினருக்கும், நன்கொடையாளர்களுக்கும், செயற்குழுவினருக்கும் மன்றத்தின் நன்றி.

இவ்வறிக்கையைப் பரிசீலித்து ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்