மெட்டாலிக்காவுக்கு ஒரு திறந்த மடல்: ‘டெத் மேக்னட்டிக்’கை மறுபடி மிக்ஸ் செய்யுங்கள்

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், டிரம்மர் லார்ஸ் உல்ரிக், கிதார் கலைஞர் கிர்க் ஹேமட், பேஸ் கிதார் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ ஆகிய நால்வருக்கும் வணக்கம்.

உங்கள் பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தூசு தட்டி, பெரிய பெட்டிகளாக மறுபடி வெளியிட்டு வருகிறீர்கள். 2016-இல் முதல் இரண்டு ஆல்பங்களில் தொடங்கி 2025 ஜூனில் ‘லோட்’ வரை வந்தாயிற்று. வரிசைப்படி போனால் அடுத்து ‘ரீலோட்’, ‘செயின்ட் ஆங்கர்’, அப்புறம் ‘டெத் மேக்னட்டிக்’. அதன் முறை வரும்போது செய்ய வேண்டிய ஒரு காரியத்தைக் கேட்கத்தான் இந்த மடல். அந்த ஆல்பத்துக்குப் புது மாஸ்டரிங், அதாவது முடிந்த மிக்ஸின் மீது செய்யும் கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பு, மட்டும் போதாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலும் கருவிகளும் தனித்தனியாகப் பதிவான மூல ட்ராக்குகளை எடுத்து, ஒன்றாகக் கலந்து, முதலிலிருந்து மிக்ஸ் செய்ய வேண்டும். 2008-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையெழுத்துப் போட்டு, அளவுக்கு மீறிய சத்தத்தால் நசுங்கிப்போன அதன் ஒலியைச் சரிசெய்து தரச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவே இல்லை.

அவர்கள் குறை சொல்வதற்கென்றே காத்திருந்தவர்கள் அல்ல. 2003-இல் ‘செயின்ட் ஆங்கர்’ வந்தபோது அந்த ஸ்னேர் டிரம் தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருக்கிறது என்று ஊர் உலகமெல்லாம் திட்டினார்கள், உண்மைதான். கிர்க்கின் சோலோ, அதாவது தனிக் கிதார் வாசிப்பு, ஒன்றுகூட இல்லாதது பலருக்கு ஆறவே இல்லை. எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கவில்லை. ஆனால் அது நீங்கள் தெரிந்தே எடுத்த முடிவு. அந்த ஒலி வேண்டும் என்று லார்ஸ் விரும்பினார், சோலோ வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து வைத்தீர்கள். அதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகனுக்கு உரிமை உண்டு, மாற்றிக் கொடு என்று கேட்க உரிமை இல்லை. ‘டெத் மேக்னட்டிக்’ விஷயம் அப்படிப்பட்டதல்ல.

ஐந்து வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2008 செப்டம்பர் 12-இல் அது வந்தது. தயாரிப்பாளர் ரிக் ரூபின் உங்களை 1986 ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ காலத்து மனநிலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். நீங்களும் போனீர்கள். பத்துப் பாட்டு, முக்கால் மணி நேரம் அல்ல, ஒன்றேகால் மணி நேரம். நீளமான பாட்டுகள், நடுவில் தாளம் மாறும் ரிஃப்புகள் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகள்), கிர்க்கின் சோலோக்கள், ராபர்ட் உங்களோடு சேர்ந்து பதிவு செய்த முதல் ஆல்பம். பிரான்ஸில் ஒரு கடை பத்து நாள் முன்னாலேயே விற்கத் தொடங்கி, அது இணையத்தில் கசிந்தபோதுகூட, 2000-இல் இலவசமாகப் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் இணையச் சேவை மீது வழக்குப் போட்ட அதே லார்ஸ் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அமெரிக்காவில் மட்டும் மூன்றே நாளில் 4,90,000 பிரதிகள் விற்றன. ‘ஆல் நைட்மேர் லாங்’ கேட்ட ரசிகர்கள், பழைய மெட்டாலிக்கா திரும்பி வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். நானும் கொண்டாடினேன்.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் காது உறுத்த ஆரம்பித்தது. ‘த டே தட் நெவர் கம்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனிக் கிதார், மெதுவான தொடக்கம், ஜேம்ஸின் தணிந்த குரல். பாதிக்கு மேல் பாட்டு வேகமெடுத்து, கடைசி மூன்று நிமிடம் கிதார்கள் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. எழுதிய விதத்தில் அது படிப்படியாக மேலே ஏறும் பாட்டு. குறுந்தகட்டில் அது ஏறவில்லை. மெதுவான பகுதியே முழுச் சத்தத்தை நெருங்கிவிடுவதால், வேகப் பகுதி வரும்போது போவதற்கு மேலே இடம் இல்லை. காலால் அடிக்கும் கிக் டிரம் விழும் இடங்களில் ஒரு கரகரப்பு கேட்கிறது. ஹெட்ஃபோன் பழுதாகிவிட்டதோ என்று பலர் முதலில் சந்தேகப்பட்டார்கள்.

காரணம் எளிமையானது. டிஜிட்டல் ஒலிக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால், கம்ப்ரஷனும் லிமிட்டரும் போட்டு உச்சங்களை அமுக்கி, மீதி எல்லாவற்றையும் வரம்பு வரை தூக்க வேண்டும். ஓரளவுக்கு எல்லோரும் செய்வதுதான். அளவு மீறினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுப் போகும். முதலில் அடிபடுவது டிரம்ஸ்தான், ஏனென்றால் டிரம் அடியின் உயிரே அந்த ஒரு கணத்து உச்சம். லார்ஸ், உங்கள் வாசிப்புத்தான் இதில் அதிகம் நஷ்டப்பட்டது.

இதை ரசிகர்கள் வெறும் காதால் மட்டும் சொல்லவில்லை. ஆல்பம் வெளியான அதே நாளில் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டுக்கும் அதே பத்துப் பாட்டுகளைக் கொடுத்திருந்தீர்கள். விளையாட்டுக்கு ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக வேண்டும் என்பதால், அங்கே போனது கடைசிக் கட்ட அமுக்கலுக்கு முந்தைய ஒலி. ஆர்வக்கோளாறில் யாரோ இரண்டையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குறுந்தகட்டின் அலைவடிவம் ஒரே தடித்த பட்டையாக இருந்தது. விளையாட்டில் இருந்ததில் மேடு பள்ளம் தெரிந்தது, ஸ்னேர் அடிகளைத் தனித்தனியாக எண்ணலாம். இரண்டுக்கும் ஏறத்தாழ பத்து டெசிபல் வித்தியாசம். காசு கொடுத்து ஆல்பம் வாங்கியவர்கள், நல்ல ஒலிக்காக விளையாட்டிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்துக் கேட்டார்கள்.

மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனும் ரசிகர் ஒருவருக்கு எழுதிய பதிலில், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் இருந்தது என்றும், இதில் தனக்குப் பெருமை இல்லை என்றும் சொன்னார். புது மாஸ்டரிங் மட்டும் போதாது என்று நான் சொல்வதும் இதனால்தான். வெட்டுப்பட்ட உச்சத்தை மாஸ்டரிங்கில் திரும்பக் கொண்டுவர முடியாது.

லார்ஸ், அப்போது நீங்கள் பேட்டியில் சொன்னது நினைவிருக்கும். இணையத்தில் எல்லோருக்கும் குரல் கிடைத்துவிட்டது, குறை சொல்பவர்கள் பக்கம்தான் கவனம் போகிறது என்றீர்கள். காரில் போட்டுக் கேட்டேன், அட்டகாசமாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். காரில் அப்படித்தான் இருக்கும். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கேட்க அந்தச் சத்தம் தோதுதான். வீட்டில் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள், நான்காவது பாட்டுக்குள் காது களைத்துவிடும். கையெழுத்துப் போட்டவர்கள் அத்தனை பேரும் முழுசாகக் கேட்டவர்கள். பாட்டு நன்றாக இருந்ததால்தான் ஒலிக்காகச் சண்டை போட்டார்கள்.

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனைத் திடலில் நீங்கள் வாசித்தபோது, சென்னையிலிருந்து ரயிலேறி வந்த கூட்டத்தில் நானும் நின்றேன். ஒவ்வொரு கிக் டிரம் அடியும் நெஞ்சில் வந்து விழுந்தது. 2009-இல் பிரான்ஸின் நீம் நகரத்து ரோமானிய அரங்கில் எடுத்த உங்கள் டிவிடியிலும் ‘டெத் மேக்னட்டிக்’ பாட்டுகள் மூச்சு விட்டு ஒலிக்கின்றன. பாட்டுகளுக்குள் அந்த மேடு பள்ளம் இருக்கிறது, தகட்டில்தான் இல்லை.

நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் அப்போது உங்களோடு வாசித்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிதாரைக் கேட்கும்படி ஏற்றித் தாருங்கள் என்று முப்பது வருடம் கேட்டும், 2018 மறுவெளியீட்டில் நீங்கள் கை வைக்கவில்லை. அந்தந்தக் காலத்தில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும் என்பது உங்கள் நிலைப்பாடு. மதிக்கிறேன். யாரும் 2008 தகட்டை அழிக்கச் சொல்லவில்லை. உங்கள் பெட்டிகளில் டெமோக்களும் கச்சா மிக்ஸ்களும் வட்டு வட்டாக வருகின்றன. அவற்றோடு புது மிக்ஸும் ஒரு வட்டில் இருக்கட்டும்.

கனடாவின் ரஷ் ராக் குழு இதைச் செய்து காட்டியிருக்கிறது. மகளையும் மனைவியையும் அடுத்தடுத்து இழந்து விலகியிருந்த அவர்களின் டிரம்மர் நீல் பியர்ட் திரும்பி வந்து வாசித்த ‘வேப்பர் ட்ரெய்ல்ஸ்’ 2002-இல் இதே நோயோடு வெளிவந்தது. 2013-இல் தயாரிப்பாளர் டேவிட் பாட்ரில்லிடம் கொடுத்து முழு ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள்.

மேலும், அந்தச் சத்தத்தால் இன்று யாருக்கும் லாபமில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. ‘டெத் மேக்னட்டிக்’ அங்கே கீழே இறக்கப்படுகிறது. சத்தம் போய்விடுகிறது, நசுங்கல் மட்டும் மிஞ்சுகிறது. இன்றைக்கு முதல்முறையாகக் கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதுதான் கிடைக்கிறது.

2012-லிருந்து உங்கள் பதிவுகள் எல்லாம் உங்கள் சொந்த நிறுவனமான பிளாக்கண்ட் ரெக்கார்டிங்ஸிடம் இருக்கின்றன. எந்த கம்பெனியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அன்று ஒலிப்பதிவில் இருந்த கிரெக் ஃபிடெல்மன்தான் 2023 ஆல்பமான ‘72 சீசன்ஸ்’ வரை உங்களோடு உட்கார்ந்து தயாரித்தவர், எந்த ட்ராக் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதலில் ‘த டே தட் நெவர் கம்ஸ்’ ஒரு பாட்டை மட்டும் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, கடைசி மூன்று நிமிடத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்