பில் போடாதது யார், வீட்டுக்குப் போனது யார்?

தொலைத்தொடர்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும் பி.எஸ்.என்.எல். இயக்குநர் குழுவுக்கும், தொழிற்சங்க ஊழியன் ஒருவன் எழுதும் திறந்த மடல்

வணக்கம்.

2025ஆம் ஆண்டு வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். நாங்களும் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தோம். பி.எஸ்.என்.எல். டவர்களைப் பகிர்ந்துகொண்ட ரிலையன்ஸ் ஜியோ, அவற்றில் கூடுதல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியதற்குக் கட்டணம் தர வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு 2014 மே முதல் 2024 மார்ச் வரை பி.எஸ்.என்.எல். பில்லே போடவில்லை என்கிறது அறிக்கை. அதனால் அரசுக்கு இழப்பு 1,757 கோடி ரூபாய்.

பத்து வருடம். அந்தப் பத்து வருடத்துக்குள்தான் 2019 நவம்பரும் வருகிறது. அந்த மாதம் 4ஆம் தேதி விருப்ப ஓய்வுத் திட்டம் திறந்தது, டிசம்பர் 3ஆம் தேதி மூடியது. ஒரே மாதத்தில் 78,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2020 ஜனவரி 31 அன்று அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வேலை பார்த்த நிறுவனம் அன்று மாலை பாதியாகிவிட்டது.

விருப்பப்பட்டுத்தானே போனார்கள் என்று கேட்கலாம். அதே 2019இல்தான் பிப்ரவரி மாதச் சம்பளம் தள்ளிப்போனது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலருக்கு மாதக்கணக்கில் சம்பளமே இல்லை. அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியாமல், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் வீட்டுக் கடனையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஐம்பது வயதுக்காரரிடம் வாங்குகிற கையெழுத்தை விருப்பம் என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

அப்போது எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: வருவாயில் 75 சதவீதம் சம்பளத்துக்கே போகிறது, தனியார் நிறுவனங்களில் அது ஆறு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு எண்கள் இருக்கின்றன. மேலே சம்பளம், கீழே வருவாய். கீழே இருக்கிற எண் ஏன் சரிந்தது என்று யாரும் பேசவில்லை.

நாங்கள் பேசுகிறோம். 2010இல் அலைக்கற்றை ஏலத்தில் கலந்துகொள்ளாமலே, தனியார் ஏலம் கேட்ட விலையை பி.எஸ்.என்.எல்.லும் கட்ட வேண்டும் என்றார்கள். அப்படி அலைக்கற்றைக்குப் போனது ஏறத்தாழ 18,500 கோடி ரூபாய். கையிருப்பு கரைந்த இடம் அதுதான். 2012இல் தனியார் 4ஜி நாட்டுக்குள் வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. எங்களுக்கு 4ஜி அலைக்கற்றை தர அமைச்சரவை ஒப்புக்கொண்டது 2019 அக்டோபரில்தான், அதுவும் விருப்ப ஓய்வையும் சேர்த்துக் கட்டிய அதே மீட்புத் தொகுப்பில். 2020 மார்ச்சில் 4ஜி டெண்டர் விட்டார்கள், சில மாதங்களிலேயே ரத்து செய்தார்கள். கடைசியில் நாடு முழுக்க 4ஜி தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. தனியாருக்குப் பதின்மூன்று வருடம் கழித்து.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2019 பிப்ரவரியில் 18 முதல் 20 வரை மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தோமே, அதில் ஊதியத் திருத்தத்தோடு சேர்த்து நாங்கள் வைத்த கோரிக்கை 4ஜி அலைக்கற்றை. எங்கள் நிறுவனம் போட்டி போடுவதற்கு ஆயுதம் கொடுங்கள் என்று மூன்று நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத் தெருவில் நின்றோம். தொழிற்சங்கம் என்றாலே முட்டுக்கட்டை என்று நினைப்பவர்கள் அந்தக் கோரிக்கைப் பட்டியலை எடுத்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. வேலையைத் தட்டிக்கழித்தவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். அவர்களைக் கண்டிக்க வேண்டிய நேரத்தில் சங்கம் பேசாமல் இருந்ததும் உண்டு. அதற்கு உறுப்பினர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் நாங்கள் பதில் சொல்கிறோம். அதே மாதிரி, முடிவெடுத்தவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

அப்புறம், ஆள் போனால் கூடவே என்ன போகிறது என்பது. இதை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன். நான் வேலை கற்றது ஒரு குழிக்குள். ரோட்டோரம் தோண்டிய குழியில், முழங்கால் அளவு சேற்றில் மூத்த தோழர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். கேபிளின் கறுப்பு உறையைச் சீவினால் உள்ளே ஜெல்லி, அதைத் துடைத்தால் தலைமுடி மாதிரி கம்பிகள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் இன்னொரு பக்கம். இதில் ஒன்றும் அதில் ஒன்றும் சேர்ந்தால் ஒரு ஜோடி, ஒரு ஜோடி என்றால் ஒரு வீட்டுத் தொலைபேசி. ஜெல்லி பட்ட கையில் நிறமே தெரியாத இருட்டிலும் அவர் ஜோடி மாற்றிப் போட்டு நான் பார்த்ததில்லை. எந்தத் தெருமுனையில், எத்தனை அடி ஆழத்தில் ஜாயிண்ட் இருக்கிறது, ரோடு அகலப்படுத்தியபோது எது இடம் மாறியது, எல்லாம் அவர் மனசுக்குள்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும், போன் அடித்துக் கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து இடம் சொல்வார். இப்படிப்பட்டவர்கள் ஒரு ஊரிலிருந்து ஒரே நாளில் பத்துப் பேர், இருபது பேர் என்று போனால், அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க யார் மிச்சம்? செம்புக் கம்பியின் காலம் முடிந்துவிட்டது என்பீர்கள். பைபரும் அதே மண்ணுக்குள், அதே ரோட்டுக்குக் கீழேதான் போகிறது.

2024 ஜூலையில் தனியார் கட்டணத்தை ஏற்றினார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் மொபைல் வாடிக்கையாளர்கள் எங்களிடம் கூடினார்கள். மக்கள் இந்த நிறுவனத்தை வெறுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் வந்தவர்களுக்குக் கொடுக்க 4ஜி முழுதாகத் தயாராக இல்லை. சில மாதங்களிலேயே எண்ணிக்கை மறுபடி இறங்கியது.

இருந்தும் 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டில் 262 கோடி ரூபாய் லாபம் வந்தது. பதினேழு வருடத்துக்குப் பிறகு வந்த லாபம். மிச்சமிருக்கிற ஊழியர்கள் இரட்டை வேலை பார்த்துக் கொண்டுவந்தது அது. அந்த டிசம்பரில்தான் இன்னும் 18,000, 19,000 பேரைக் குறைக்க இரண்டாவது விருப்ப ஓய்வு என்று பத்திரிகையில் படித்தோம். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2019, 2022, 2023 என்று மூன்று மீட்புத் தொகுப்புகளாக அரசு அறிவித்தது மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அது மக்கள் பணம். அதைக் கேட்டுப் போராடியவர்கள் என்ற உரிமையில் கேட்கிறோம். 2020 டெண்டர் ரத்து முதல் டவர் பில் வரை எந்த முடிவை எந்த மட்டத்தில் எடுத்தார்கள் என்று ஒரு வெள்ளை அறிக்கை வையுங்கள். தணிக்கையாளர் சொன்ன தொகையில் எவ்வளவு வசூலானது, யார் மீது நடவடிக்கை என்று அதில் இருக்கட்டும். அரசு வங்கிகளில் ஊழியர் இயக்குநர் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதே இடம் எங்கள் இயக்குநர் குழுவிலும் வேண்டும். பில் போகவில்லை என்று கேட்க அந்த மேஜையில் ஒரு தொழிலாளி உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. அதை அமல்படுத்தினால் போதும்.

வெள்ளை அறிக்கை வரும்வரை, இன்னொரு விருப்ப ஓய்வுப் படிவம் எந்த எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கும் வரக் கூடாது. வந்தால், கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஒவ்வொரு தோழரின் வீட்டுக்கும் நடந்தே போய்ச் சொல்வோம்.

தோழமையுடன்,
கிளைச் செயலாளர்