தம்பியின் காதைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வசிக்கும் நான், கடந்த ஓராண்டில் என் தம்பிக்கும் எனக்கும் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல இம்மடலை எழுதுகிறேன்.

தம்பிக்கு வயது 31; டவுன் சிண்ட்ரோம் என்ற, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி மரபணு நிலையுடன் பிறந்தவன்; பேசுவது பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். அம்மா காலமானபின் அவன் என் பொறுப்பில் வந்த சில மாதங்களிலேயே தன் கன்னத்தைத் தானே அறைந்துகொள்ளவும், டம்ளரை வீசவும், பேருந்தில் ஏறாமல் சாலையில் உட்கார்ந்துவிடவும் தொடங்கினான். பிடிவாதம் என்றோம், அம்மா கொடுத்த செல்லம் என்றோம். மருத்துவத்துக்குக் காட்டிய ஓரிடத்தில் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தூக்க மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்கள். அவன் தூங்கினான், விழித்ததும் மறுபடி அறைந்துகொண்டான்.

முதல் நன்றி, மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியை அவர்களுக்கு. எத்தனை முறை அடித்துக்கொண்டான் என்று எல்லோரும் கேட்டபோது, அடிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டவர் அவர் ஒருவரே. ஒரு நாற்பது பக்க நோட்டில் ‘முன்பு, நடந்தது, பிறகு’ என மூன்று கட்டங்கள் போட்டுக் கொடுத்தார். ‘காரணமில்லாமல் கத்தினான்’ என்று நான் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொன்னார். (அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.) மூன்று வாரங்களில், ஒன்றாகத் தெரிந்த தொல்லை இரண்டாகப் பிரிந்தது. அறைந்துகொள்வது மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் நாட்களிலும், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்த இரவுகளிலும். கை விழுந்தது எப்போதும் வலது காதை ஒட்டியே. வீசுவதோ நான் தொலைபேசியில் பேசும்போதும் விருந்தினர் வந்தபோதும். ‘பிறகு’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ‘பிஸ்கட் கொடுத்தேன்’ என்று என் கையெழுத்தே இருந்தது.

அந்த நோட்டைப் பொறுமையாகப் படித்த காது மருத்துவருக்கு அடுத்த நன்றி. இறுகிப்போன குரும்பியும் செவிப்பறைக்குப் பின்னால் நீரும் இருப்பதைக் கண்டறிந்த அவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுத் துளையும், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயும் குறுகலாக இருப்பதால் இது அடிக்கடி நேர்வது என்றார். மலையிலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலாக இறங்கும்போது கூடும் காற்றழுத்தத்தை நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்கிறோம். குழாய் அடைபட்ட அவனுக்கு அது வலியாகவே நின்றிருக்கிறது. செவித்திறனும் குறைந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டு, சொல் பேச்சுக் கேட்பதில்லை என்று அவனைத் திட்டிய நாட்களை இப்போது நினைக்கவே கூசுகிறது.

சொட்டு மருந்திலும் தொடர் சிகிச்சையிலும் அறைவது குறைந்தது. பிஸ்கட் விஷயம் அப்படி எளிதில் தீரவில்லை. வீசினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தவள் நானே. நிறுத்தினால் முதலில் இன்னும் கூடும் என்று ஆசிரியை எச்சரித்தபடியே ஒன்பது நாட்கள் வீடு அதிர்ந்தது. அந்நாட்களில், என் தோளை இரண்டு முறை தட்டிக் கேட்க அவனுக்குப் பழக்கினோம். தட்டிய நொடியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்ப எனக்கும் பழக்கினார்கள். இரண்டாவதுதான் கடினம். சுவருக்கு அப்பால் இருந்தும் ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லாமல் பொறுத்த லைன் வீட்டார் அனைவருக்கும் கடமைப்பட்டுள்ளேன்.

முன் இருக்கையை ஒதுக்கித் தந்து, வளைவுகளில் அவன் தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்கும்வரை பொறுமை காத்த ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி என்னைப் பாதுகாவலராக நியமிப்பதற்கும் விண்ணப்பங்களை எழுதித் தந்த தோழிக்கும் நன்றி.

பனிமூட்டத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் நாட்களில் டம்ளர் இன்னும் பறக்கத்தான் செய்கிறது. இரண்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வேண்டுகோள் மட்டும் பாக்கி: அந்த ஒன்பது நாட்களில் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு நான் மூன்று முறை நீட்டியும் பணம் வாங்க மறுத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ஊரறிய எழுதிக் கேட்கும் இந்த நான்காவது முறையாவது அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓர் அக்கா